சுட்ட மானைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவருவது எப்படி? விஸ்கான்சினில் முதல் முறை உதவப் போகிறவருக்கு ஒரு பதில்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் குடியேறியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிறார். அறுபதைத் தாண்டியவர். மான் விழுந்தால் இழுத்துவர ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டார். எனக்கு உரிமம் கிடையாது, துப்பாக்கியும் பழக்கமில்லை. போகலாமா? இதற்கு என்ன விதிகள், என்ன வழக்கங்கள்? என் பத்து வயது மகனையும் அழைத்துப் போகலாமா?"

போங்கள். ஒரு விஸ்கான்சின்காரர் தன் மானை இழுக்க உங்களைக் கூப்பிடுகிறார் என்றால் உங்களை நம்புகிறார் என்று அர்த்தம். இங்கே யாரும் அந்நியரிடம் அந்த உதவியைக் கேட்பதில்லை. துப்பாக்கியைத் தொடாமல், விழுந்த மானை இழுக்க மட்டும் கை கொடுப்பதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் காட்டுக்குள் நடந்து மானைக் கிளப்பி அவர் பக்கம் விரட்டிவிடுவது வேட்டையாகவே கணக்கு. அதை உரிமமில்லாமல் செய்யக்கூடாது. அதனால் அவர் தொலைபேசியில் அழைக்கும்வரை வீட்டிலேயே இருங்கள். அழைத்ததும் கிளம்புங்கள்.

உடையில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். இந்த மாநிலத்தில் துப்பாக்கி வேட்டைக் காலத்தில் வேட்டையாடுபவர் இடுப்புக்கு மேல் அணியும் மேலுடையில் பாதியாவது பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். சட்டம் வேட்டைக்காரருக்குத்தான் என்றாலும் தோட்டா ஆள் பார்த்து வருவதில்லை. ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைக் கைக்குட்டையைக்கூடக் கொண்டுபோகாதீர்கள். இங்குள்ளது வெண்வால் மான். அது ஓடும்போது தூக்கிக் காட்டுவது வெள்ளை வாலைத்தான்.

ஒரு மானைச் சுட ஒரு நொடி போதும். அதைச் சாலைவரை கொண்டுவர அரை நாள் ஆகலாம். நல்ல வேட்டைக்காரர் விசையை அழுத்தும் முன்பே அந்த அரை நாளைக் கணக்குப் போட்டுவிடுவார்: இருட்ட இன்னும் எவ்வளவு நேரம், இடையில் சதுப்பு இருக்கிறதா, இது எந்த வேலிக்குள் போய் விழும், இழுக்க யார் இருக்கிறார்கள். கணக்கு சரியாக வராவிட்டால் எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார். வெளியே கொண்டுவர வழியில்லாத இடத்தில் சுடுவது இறைச்சியை வீணாக்குவது. சுட்ட விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே அழுகவிடுவது பல மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றம். அலாஸ்காவில் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். அங்கே பெரிய விலங்குகளின் கொம்பை இறைச்சிக்கு முன்னால் எடுத்துவர முடியாது. கடைசிச் சுமை இறைச்சியோடுதான் கொம்பு வெளியே வர வேண்டும். கொம்புக்காக மட்டும் வருகிறவனை அந்த ஒரு வரி தடுத்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த வேட்டை விதி அது.

இத்தனை விதிகள் எதற்கு என்று தோன்றும். 19ஆம் நூற்றாண்டில் இந்த நாட்டில் மான் இறைச்சி சந்தைச் சரக்காக இருந்தது. ரயில் ரயிலாக நகரங்களுக்குப் போனது. 1900 வாக்கில் நாடு முழுவதும் சுமார் ஐந்து லட்சம் வெண்வால் மான்கள்தான் மிஞ்சியிருந்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இன்று அது சுமார் மூன்று கோடி. அதே 1900இல் வந்த லேசி சட்டம், திருட்டுத்தனமாகக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதைக் குற்றமாக்கியது. காட்டு மான் இறைச்சியை விற்பதும் தடை செய்யப்பட்டது. கடையில் கிடைக்கும் மான் இறைச்சி பண்ணையில் வளர்ந்தது. உங்கள் பெரியவர் உங்களுக்கு இரண்டு கிலோ கொடுத்தால் அது அன்பளிப்பு. அதற்குப் பணம் நீட்டிவிடாதீர்கள், அவரைச் சங்கடத்தில் தள்ளுவீர்கள். மான் விழுந்த இடத்திலிருந்து சமையலறைவரை ஒவ்வொரு கட்டத்திலும் 'இது யாருடையது, முறையாகச் சுட்டதா' என்று காட்ட முடிய வேண்டும் என்பதற்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறுதான்.

பென்சில்வேனியாவில் மானை ஓர் அடி நகர்த்தும் முன்பே அடையாளச் சீட்டை எழுதி அதன் காதில் கட்டிவிட வேண்டும். பத்து நாளுக்குள் தகவல் தெரிவிக்க வேண்டும். மிச்சிகனில் 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். விஸ்கான்சினில் காகிதச் சீட்டைக் கட்டும் வழக்கம் சில ஆண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டுவிட்டது. அனுமதி எண்ணைக் கொண்டு, மான் கைக்கு வந்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்தால் போதும். 2015க்கு முன் மானை வண்டியில் ஏற்றி, பதிவு நிலையமாக இருந்த பெட்ரோல் பங்குக்கோ மதுக்கடைக்கோ நேரில் கொண்டுபோக வேண்டும். ஊரே அங்கே கூடியிருக்கும். பல இடங்களில் மாநில இயற்கை வளத் துறையின் ஆட்கள் பல்லைப் பார்த்து வயது சொல்வார்கள். யாருடைய பேத்தி முதல் மான் சுட்டாள் என்பது அங்கேதான் தெரியவரும். இப்போது எல்லாம் கைபேசியில் இரண்டு நிமிடம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கூட்டம் போனது இந்த ஊர்களுக்குப் பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

மான் ஓடிப்போய்ப் பக்கத்து நிலத்தில் விழுந்துவிட்டால்? நிலக்காரரைக் கேட்காமல் வேலி தாண்டக்கூடாது. "என் மான்தானே, எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்" என்பது விஸ்கான்சினில் செல்லாது. பக்கத்து மாநிலமான மினசோட்டாவில், 'நுழையக்கூடாது' என்ற பலகை வைக்காத விவசாய நிலத்துக்குள் கால்நடையாகப் போய், முறையாகச் சுட்டுக் காயப்பட்ட விலங்கை எடுத்துக்கொண்டு உடனே வெளியேறிவிட அனுமதி உண்டு. எல்லைக் கோட்டின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் விதி வேறு என்பதால், ஒரு மாநிலத்தில் கேட்டதை இன்னொரு மாநிலத்தில் நம்பிவிட வேண்டாம். பெரியவர்கள் இதை வேறு விதமாகச் சமாளிப்பார்கள். வேட்டைக்காலம் தொடங்கும் முன்பே சுற்றியுள்ள நிலக்காரர்களின் கதவைத் தட்டி, "அப்படி ஏதாவது நடந்தால் வரலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். மான் கிடைத்த பிறகு நல்ல துண்டு ஒன்று அந்த வீட்டுக்கும் போகும்.

நீங்கள் போய்ச் சேரும்போது அநேகமாகக் குடல் எடுக்கும் வேலை முடிந்திருக்கும். முடியாவிட்டால் கால்களைப் பிடித்துக்கொள்ளும் வேலை உங்களுக்கு வரும். நெஞ்செலும்பின் கீழிலிருந்து தோலை மட்டும் கீறுவார்கள். கத்தியின் முதுகை இரு விரல்களுக்கு நடுவில் வைத்து, முனை குடலைக் குத்தாதபடி மேல்நோக்கிப் பிடித்திருப்பார்கள். குடலோ சிறுநீர்ப்பையோ கிழிந்தால் இறைச்சி கெடும். உள்ளே கையை விட்டு மூச்சுக்குழலை அறுத்து இழுத்தால் நுரையீரல், இதயம் எல்லாம் ஒன்றாக வெளியே வரும்; பனிக்குளிரில் அந்த வயிற்றிலிருந்து ஆவி எழும்பும். ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குடல் எடுப்பதைத் தாமதிக்கவே கூடாது. தடித்த ரோமத்துக்குள் உடல் சூடு நெடுநேரம் அடங்கியே இருக்கும். இறைச்சியை 4, 5 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுபோவதுதான் முதல் வேலை. கூடவே, குடல் போனதும் மானின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இதயத்தையும் ஈரலையும் பையில் போட்டுத் தனியே எடுத்துவைப்பார்கள். வேட்டைக் குடிசையில் முதல் நாள் இரவு வெங்காயத்தோடு வாணலியில் விழுவது அவைதான்.

மீதிக் குடலைப் பொதுவாக அங்கேயே விட்டுவிடலாம், நடைபாதையிலும் நீரோடையிலும் இல்லாமல் இருந்தால் சரி. அண்டங்காக்கையும் கழுகும் வந்துவிடும். சிட்டுக்குருவி அளவே உள்ள சிக்கடி என்ற பறவைகூட வந்து கொழுப்பைக் கொத்தும்.

இனி இழுப்பது. குடல் எடுத்த வளர்ந்த ஆண் மான் இங்கே 60 முதல் 75 கிலோவரை இருக்கும். பெண் மான் 50 கிலோ பக்கம். மானை எப்போதும் தலை முன்னால் வரும்படி இழுக்க வேண்டும். ரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் அப்போது வழுக்கிக்கொண்டு வரும். பின்னங்காலைப் பிடித்து இழுத்தால் ஒவ்வொரு முடியும் தரையைப் பற்றிக்கொண்டு எதிர்க்கும். முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கிக் கொம்புக்குப் பின்னால் கொண்டுபோய்த் தலையோடு சேர்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு செடியிலும் மாட்டும். கயிற்றைக் கொம்படியில் இரண்டு சுற்றுச் சுற்றி, மூக்கின் மேல் ஒரு வளையம் போட்டால் தலை நிமிர்ந்து முன்னோக்கியே வரும். மறுமுனையில் கையளவுக் கட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு இழுங்கள்; வெறும் கயிறு பத்து நிமிடத்தில் உள்ளங்கையைப் பதம் பார்த்துவிடும். கயிறு குட்டையாக இருக்கட்டும். தலையும் தோளும் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கியிருந்தால் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கும். நேர்வழியைவிடச் சரிவான சுற்றுவழியே நல்லது. விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தூக்குவதுதான் முதுகை உடைக்கும். பனி இருந்தால் ஏரியில் மீன்பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஸ்லெட்டை (பனியில் சறுக்கும் தட்டு வண்டி) எடுத்துக்கொண்டு போங்கள், வேலை பாதியாகிவிடும்.

பழைய படங்களில் மானைத் தோளில் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். செய்யவே வேண்டாம். புதருக்குள்ளிருந்து பார்ப்பவனுக்கு நகரும் கொம்பு மட்டும்தான் தெரியும். இழுக்கும்போதும் கொம்பில் ஓர் ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிடுங்கள். பெரியவரின் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இழுக்கத் தொடங்கும் முன் அவரே திறந்து காட்டுவார். காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள்.

அவருடைய வயதைச் சொன்னீர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். மிச்சிகனில் 25 ஆண்களுக்கு இதயத்துடிப்பைப் பதியும் கருவியை மாட்டி வேட்டைக்கு அனுப்பிய ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள். காட்டில் சிலருடைய இதயத்துடிப்பு, மருத்துவமனையில் நடைப்பட்டையில் ஓடவிட்டுச் சோதித்தபோது எட்டிய உச்சத்தையும் மிஞ்சிப் போனது. குளிர், கனமான உடை, படபடப்பு, அதற்கு மேல் இந்தப் பாரம். ஆண்டு முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பு இதைத் தாங்காது. முழுப் பாரத்தையும் நீங்களே இழுங்கள். அவர் முன்னால் நடந்து வழி காட்டட்டும். "என்னால் முடியும்" என்று அவர் பிடிவாதம் பிடித்தால், ஐம்பது அடிக்கு ஒரு தரம் நீங்கள் களைத்துவிட்டதாகச் சொல்லி நின்றுவிடுங்கள். அவருக்கும் மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

சக்கரம் வைத்த கைவண்டி இருந்தால் இன்னும் எளிது, ஆனால் எங்கே போகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் நாலு சக்கர மோட்டார் வண்டியைக்கூட ஓட்டிப் போகலாம். தேசியக் காடுகளில் வரைபடத்தில் குறித்த பாதைகளில் மட்டுமே மோட்டார் வண்டி ஓடலாம். மான் எடுக்க விலக்கு உண்டா என்பது காட்டுக்குக் காடு வேறுபடும். 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி 'வனாந்தரம்' என்று அறிவித்த பகுதிகளில் மோட்டார் மட்டுமல்ல, எந்த இயந்திரப் போக்குவரத்தும் கூடாது. கையால் தள்ளும் இரண்டு சக்கர வண்டியும் அதில் அடக்கம். அங்கே தோள், குதிரை, கோவேறு கழுதை, படகு, இவைதான். சிலருக்கு இது அநியாயமாகப் படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு விலங்கை அவ்வளவு ஆழமான காட்டில் எடுப்பவர், அதைத் தன் உடம்பால் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பது நியாயம்தான்.

முழுதாக இழுக்க முடியாத தூரமென்றால் அங்கேயே பிரிக்கலாம். விஸ்கான்சினில் பதிவுக்கு முன் ஐந்து பாகம்வரை பிரித்துக் கொண்டுவரலாம். தலை அவற்றில் ஒன்றோடு ஒட்டியிருக்க வேண்டும், எல்லாப் பாகமும் காட்டை விட்டு வெளியே வர வேண்டும். மேற்கு மலைகளில் தொடைகள், முன்னங்கால் சப்பைகள், முதுகுக் கறி, கழுத்து எனப் பிரித்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு முதுகில் சுமப்பதே வழக்கம். மொன்டானா, கொலராடோ போன்ற இடங்களில் ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு இறைச்சியோடு ஒட்டியே இருக்க வேண்டும். பழுப்புக் கரடி உலாவும் பகுதியில் இரவு விட்டுவரும் இறைச்சியைக் குடல் குவியலிலிருந்து நூறு கஜமாவது தள்ளி, தூரத்திலிருந்தே பார்க்கும்படி உயரத்தில் தொங்கவிடுவார்கள். மறுநாள் சத்தம் போட்டுக்கொண்டுதான் அதை நெருங்குவார்கள். உங்கள் ஊர்க் காட்டில் அந்தக் கவலை இல்லை.

உங்கள் மாநிலத்தில் இருக்கும் கவலை வேறு. சி.டபிள்யூ.டி. எனப்படும் நாள்பட்ட மெலிவு நோய். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டு, 2002இல் விஸ்கான்சினில் உறுதியானது. பிரியான் என்னும் கோணிய புரதத்தால் வருவது, மூளையிலும் தண்டுவடத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் அதிகம் இருக்கும், சமைத்தாலும் அழியாது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. அதனால் முதுகெலும்பையும் தலையையும் காட்டில் எறியக்கூடாது. அவற்றைக் குப்பைக்கிடங்குக்கு அனுப்பப் பெரிய தொட்டிகளைப் பல ஊர்களில் வைக்கிறார்கள். நோய்ப் பகுதியிலிருந்து முழு உடலையும் வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. எலும்பு நீக்கிய இறைச்சிக்கும் சுத்தம் செய்த கொம்புக்கும் பொதுவாகத் தடையில்லை. இயற்கை வளத் துறை இலவசமாகச் சோதித்துத் தருகிறது; முடிவு வர இரண்டு வாரம்போல ஆகும். அதுவரை உறைபெட்டியில் வையுங்கள். பெரியவர் "நாங்கள் காலங்காலமாகத் தின்கிறோம்" என்று சொல்லக்கூடும். உங்கள் பங்குக்காவது சோதனை செய்யச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள்: தோட்டா ஈயமா, செம்பா? ஈயத் தோட்டா உள்ளே சிதறிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பரவும். 2008இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குக் கொடுத்த மான் இறைச்சியிலேயே ஈயம் கண்டுபிடிக்கப்பட்டது. குழந்தை இருக்கும் வீட்டில் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும்.

வழக்கங்களைப் பற்றிக் கேட்டீர்கள். எழுதாத முதல் விதி: இழுக்கக் கூப்பிட்டால் போக வேண்டும், யார் சுட்டது என்பது கணக்கில்லை. மிச்சிகனில் நவம்பர் 15 அன்று வேட்டை தொடங்கியதும் சிறு ஊர்களில் நடுத்தெருவில் உயரமான கம்பம் நட்டு மான்களைத் தொங்கவிட்டு ஊரே பார்க்கும். வண்டியின் முன்மூடி மேல் மானைக் கட்டிக்கொண்டு போன காலமும் இருந்தது. எஞ்சின் சூட்டில் இறைச்சி கெடும், வழியில் பார்ப்பவர் மனமும் புண்படும், அதனால் இப்போது பின்னால் வைத்து மூடித்தான் கொண்டுபோகிறார்கள். நல்ல மாற்றம். நீங்கள் இருக்கும் வட பகுதி ஓஜிப்வே என்னும் பழங்குடி மக்களின் நிலம். 1837, 1842 உடன்படிக்கைகளில் நிலத்தைக் கொடுத்தபோதும் வேட்டை உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை; 1983இல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மான் விழுந்த இடத்தில் ஒரு சிட்டிகைப் புகையிலை வைத்து நன்றி சொல்வதும், இளைஞரின் முதல் வேட்டையை உறவினருக்கும் மூத்தோருக்கும் பகிர்ந்து கொடுப்பதும் அவர்கள் மரபு. தரையில் புகையிலை கிடந்தால் மிதிக்காமல் தள்ளி நடங்கள்.

மகனை அழைத்துப் போகலாம், பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. அவனுக்கும் தலை முதல் இடுப்புவரை ஆரஞ்சு, தண்ணீர் புகாத காலணி, மாற்றுக் காலுறை. குடல் எடுப்பதைப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். சிறிது தள்ளி நின்றால் யாரும் கேலி செய்யக்கூடாது என்று பெரியவரிடம் சொல்லி வையுங்கள். இழுக்கும்போது அவன் உங்கள் பார்வையிலேயே நான்கடி முன்னால் நடந்து, கிளைகளை ஒதுக்கி, எந்தப் பக்கம் விழுந்த மரம் குறைவு என்று பார்த்துச் சொல்லலாம். அது விளையாட்டு வேலை இல்லை. இழுப்பவர் தலையைக் குனிந்தே வருவதால் வழியைப் பார்க்கும் ஆள் உண்மையாகவே வேண்டும். மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்தாகிவிட்டதா என்று பெரியவருக்கு நினைவூட்டும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள்.